பிளெசன்ட் போர்ட்டர்: நிலத்தைப் பங்கு போட்ட க்ரீக் தலைவரை எப்படி எடைபோடுவது?

கரிசல்காடு (இழையைத் தொடங்கியவர்)

குதிரையேறிப் போரிட்ட அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர்களைப் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. தோற்கப்போவது தெரிந்தும் மேசை முன் உட்கார்ந்து வரி வரியாகப் பேரம் பேசியவர்களைப் பற்றி அநேகமாக எதுவும் இல்லை. அப்படி ஒருவர் பிளெசன்ட் போர்ட்டர். 1899 முதல் 1907-ல் சாகும்வரை க்ரீக் நாட்டின் முதன்மைத் தலைவராக இருந்தவர். அந்த மக்கள் தங்களை மஸ்கோகி என்பார்கள். இரண்டு பெயரையும் நான் மாற்றி மாற்றி எழுதினால் குழம்ப வேண்டாம்.

அலபாமா, ஜார்ஜியா பகுதிகளில் வாழ்ந்த இந்த மக்களை 1830-களில் அமெரிக்க அரசு மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டியது. வழியில் செத்தவர்கள் ஏராளம். போன இடத்தில் "இது என்றைக்கும் உங்களுடையது" என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள். 1852-ல் அந்த நிலத்துக்குப் பட்டாவே கொடுத்தார்கள், மொத்த நாட்டின் பெயரில் ஒரே பட்டா. தனியாளுக்கு நிலம் சொந்தமில்லை. யார் உழுகிறாரோ அவர் அனுபவிக்கலாம், விட்டால் அது மறுபடி பொதுவுக்கு வந்துவிடும். ஒக்மல்கியில் தலைநகரம், 1878-ல் கட்டிய கல் கட்டிடத்தில் சபை. அரசர்கள் அவை, வீரர்கள் அவை என்று இரண்டு அவைகள். 1867-லேயே எழுதி வைத்த அரசியல் சட்டம். நீதிமன்றம், காவல்படை, பள்ளிக்கூடங்கள் எல்லாம் இருந்தன.

இதைப் பிரித்து ஆளுக்கு ஆள் பட்டா கொடுத்துவிட்டு, நாட்டையே கலைத்துவிட வேண்டும் என்று 1893-ல் டாஸ் ஆணையத்தை அனுப்பினார்கள். யாரும் மசியவில்லை. 1898-ல் கர்டிஸ் சட்டம் வந்தது. சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் பங்கீடு நடக்கும், பழங்குடி நீதிமன்றங்கள் மூடப்படும் என்றது அது. அந்தச் சட்டத்தோடு வந்த உடன்பாட்டை 1898 நவம்பரில் க்ரீக் மக்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். நிராகரித்தும் பயனில்லை, சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. போர்ட்டர் தலைவரானது அதற்கு அடுத்த ஆண்டு.

என் கட்சி இதுதான்: போர்ட்டர் நிலத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தவனிடம், எதை எடுக்கலாம் எதை எடுக்கக்கூடாது என்று எழுதி வாங்கினார். வாஷிங்டனோடு போட்ட 1901 உடன்பாட்டில் அவர் வாங்கியதைக் கணக்குப் பாருங்கள். நிலம் சுமார் 30 லட்சம் ஏக்கர். பங்கு பெறுவோர் பட்டியலில் ஏறியவர்கள் 18,000-க்கும் மேல். ஆளுக்கு 160 ஏக்கர். மற்ற பழங்குடிப் பகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு கொடுத்துவிட்டு, மீதியை "உபரி" என்று குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். இங்கே அப்படித் திறந்துவிடப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

நாணல்

கரிசல் அண்ணே, நல்ல இழை. ஆனால் உங்கள் கட்சியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

1899-க்கு முந்தைய போர்ட்டரை ஒரு வரிகூட நீங்கள் சொல்லவில்லை. தாய்வழியில் பெரிமன் என்ற செல்வாக்கான குடும்பம், மிஷன் பள்ளிப் படிப்பு. உள்நாட்டுப் போரில் தென்பகுதிப் படைக்காகச் சண்டையிட்டவர். 1871-ல் பழைமைவாதிகள் கிளர்ந்தபோது அவர்களை அடக்கிய படைக்குத் தலைமை தாங்கினார். 1882-83-ல் இஸ்பர்ஹெச்சர் என்ற இன்னொரு க்ரீக் தலைவரின் ஆட்கள் எழுந்தபோதும் அவர்தான். 1889-ல் மேற்கே ஏற்கெனவே விட்டுக்கொடுத்த நிலத்தின் மேல் எஞ்சியிருந்த உரிமையையும் 22 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த தூதர்களில் இவரும் ஒருவர். அந்த ஏப்ரலிலேயே ஆயிரக்கணக்கான குடியேறிகள் குதிரையிலும் வண்டியிலும் பாய்ந்து வந்து அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். போர்ட்டர் வேலி போட்டுப் பெரிய அளவில் மாடு வளர்த்தவரும்கூட. பொதுநிலத்தில் பெரிய வேலி போட முடிந்தவனுக்கு, பங்கீடு ஒரு பேரிழப்பாகத் தோன்றியிருக்குமா?

எதிர்ப்பக்கம் ஒருவர் இருந்தார், சிட்டோ ஹார்ஜோ. ஹிக்கரி கிரவுண்ட் ஊரில் 1900-ல் தனிச் சபை கூட்டி, தனித் தலைவர், தனிக் காவல்படை வைத்தார்கள். பங்கு வாங்கியவர்களையும், வெள்ளையருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்களையும் பிடித்துச் சாட்டையால் அடித்தார்கள். 1901 ஜனவரியில் அமெரிக்கக் குதிரைப்படை வந்து நூறு பேருக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு போய் மஸ்கோகி நகர நீதிமன்றத்தில் நிறுத்தியது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் விட்டுவிடுகிறோம் என்ற மாதிரி நிறுத்திவைத்த தண்டனை கொடுத்து அனுப்பினார்கள். போர்ட்டர் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

சங்கிலி அளவன்

சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தலைவரின் குணம் பற்றி நீங்கள் பேசுங்கள், வேலை எப்படி நடந்தது என்று நான் சொல்கிறேன்.

ஒரு சதுர மைல் என்பது 640 ஏக்கர். அதில் கால்வாசி 160. ஆறு, ஓடை, மேடு, பள்ளம் எதையும் பார்க்காமல் நாட்டின்மேல் கட்டம் போட்டுவிட்டார்கள். 1899-ல் மஸ்கோகியில் நில அலுவலகம் திறந்தது. ஒருவர் உள்ளே போய்த் தன் வீடு எங்கே, எந்த ஓடைக்கரை, எந்த மரம் என்று சொல்ல முடியாது. எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கட்டம், அதில் எந்தக் கால்வாசி என்று எண்ணில் சொல்ல வேண்டும். நாலு தலைமுறைக் கல்லறையும் கிணறும் பக்கத்துக் கட்டத்தில் விழுந்துவிட்டால், அந்தக் கட்டத்தை வேறொருவர் முந்திக்கொண்டு எழுதிவிடலாம். ஆங்கிலமும் கட்டக் கணக்கும் தெரிந்தவன் முதல் வாரமே ஆற்றங்கரை வண்டலை எடுத்துக்கொண்டான்.

வராதவர்களுக்கு அலுவலகமே ஏதோ ஒரு துண்டை ஒதுக்கிச் சான்றிதழைத் தபாலில் அனுப்பியது. ஹார்ஜோவின் ஆட்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் காணாமல் போனவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்க்கிற வேலையைப் பிற்பாடு அலெக்சாண்டர் போசி என்ற க்ரீக் கவிஞர் செய்தார்.

நிலத்துக்கு நிலம் தரம் வேறு. அதனால் ஏக்கருக்கு அதிகபட்சம் ஆறரை டாலர் என்று மதிப்புப் போட்டு, 160 ஏக்கருக்கு 1,040 டாலரை அளவுகோலாக வைத்தார்கள். கல்லுக்காடு கிடைத்தவருக்கு ஏக்கர் 2 டாலர் என்றால் அவர் பங்கு 320 தான். மீதி 720-ஐப் பணமாகக் கொடுத்துச் சமன் செய்ய வேண்டும். எழுத்தில் நியாயமான ஏற்பாடு. ஆனால் பொதுக் கருவூலத்தில் அவ்வளவு பணம் இல்லை, முழுச் சமன் நடக்கவே இல்லை.

இன்னொன்று, இதைக் கவனியுங்கள். பட்டாவில் கையெழுத்து அமெரிக்க அதிகாரியுடையது அல்ல. 1852 பட்டா நாட்டின் பெயரில் இருந்ததால், கொடுக்கிறவர் க்ரீக் நாடு. ஒவ்வொரு ஆளுக்கும் குடியிருப்பு நிலம் 40 ஏக்கருக்கு ஒரு பத்திரம், மீதி 120-க்கு ஒரு பத்திரம். ஒவ்வொன்றிலும் நாட்டின் முத்திரை, முதன்மைத் தலைவரின் கையெழுத்து, அதற்கப்புறம்தான் உள்துறைச் செயலரின் ஒப்புதல். பிறந்த மண்ணை ஒரு மனிதர் ஆயிரக்கணக்கான தாள்களில் பகுதி பகுதியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வேலையை நினைத்தால் எனக்கு மனது கனக்கிறது.

புதுவரவு

படித்துக்கொண்டே வருகிறேன். ஒரு சந்தேகம். அந்த மக்களில் பலர் பின்னால் நிலத்தை இழந்ததாகப் படித்திருக்கிறேன். ஆளுக்கு 160 ஏக்கர் கையில் வந்தும் அது எப்படி? விற்கக்கூடாது என்று தடை ஏதும் போடவில்லையா?

தாழம்பூ

தடை இருந்தது தம்பி. குடியிருப்பு 40 ஏக்கரை 21 ஆண்டுக்கு விற்க முடியாது. மீதியை ஐந்து ஆண்டுக்கு, உள்துறைச் செயலர் ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது. இது போர்ட்டர் தரப்பு கேட்டு வாங்கிய பாதுகாப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் உடன்பாட்டை ஒருதலையாக எப்போது வேண்டுமானாலும் திருத்துகிற அதிகாரம் வாஷிங்டன் கையில் இருந்தது. 1904-ல் பூர்வகுடி ரத்தம் இல்லாத குடிமக்களின் நிலத்துக்குத் தடை தளர்ந்தது. 1906-ல் முழுரத்தத்தவருக்கு மட்டும் தடையை நீட்டினார்கள். 1908-ல் கலப்பு ரத்தத்தில் பாதிக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், முன்னாள் அடிமைகளின் குடும்பங்களுக்கும் குடியிருப்பு நிலம் உட்பட எல்லாத் தடையும் போயிற்று. சிறுவர்களின் சொத்து மாவட்ட நீதிமன்றங்களின் கைக்குப் போனது. நீதிமன்றம் நியமித்த "காப்பாளர்" என்ற பெயரில் வந்தவர்கள் குழந்தைகளின் நிலத்தை எழுதி வாங்கியது தனி அவலம்.

நாணல் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. போர்ட்டர் மேல் குறை சொல்வதென்றால் நான் அங்கேதான் விரல் வைப்பேன். கர்டிஸ் சட்டம் மோசமான சட்டம். ஆனாலும் அதில் ஒரு பிரிவு, நிலத்துக்கு அடியில் உள்ள எண்ணெய், நிலக்கரி, தாதுக்கள் பங்கீட்டில் சேராது, அவை பழங்குடியின் பொதுச்சொத்து என்று சொன்னது. 1901 உடன்பாட்டில் க்ரீக் நாடு தன் உரிமை அனைத்தையும் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது. மேல்மண்ணோடு அடிமண்ணும் தனியாருக்குப் போனது.

க்ரீக் சபை அதை ஏற்றது 1901 மே 25. துல்சா பக்கத்தில் ரெட் ஃபோர்க்கில் எண்ணெய் பீறிட்டது அடுத்த மாதம். 1905 நவம்பரில் ஐடா கிளென் என்ற க்ரீக் பெண்ணின் பங்கு நிலத்தில் கிளென் பூல் எண்ணெய் வயல். துல்சாவைப் பணக்கார நகரமாக்கியது அதுதான். பக்கத்து ஓசேஜ் மக்கள் 1906-ல் நிலத்தைப் பங்கிட்டபோது அடிமண்ணைப் பொதுவிலேயே வைத்துக்கொண்டார்கள். பொதுவில் வைத்த ஓசேஜ் மக்களையும் கொலையும் மோசடியும் துரத்தின, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த உரிமை இன்றுவரை அவர்களிடம் இருக்கிறது.

கரிசல்காடு

தாழம்பூ அக்கா சொன்னது கனமான புள்ளி. 1897-லேயே செரோக்கி நாட்டில் பார்ட்டில்ஸ்வில் அருகே எண்ணெய் கிடைத்துவிட்டது, எனவே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. என் பதில் ஒன்றுதான். போர்ட்டர் அந்த உடன்பாட்டில் முழு உரிமை கேட்டதற்குக் காரணம், கர்டிஸ் சட்டம் மக்களுக்குக் கொடுத்தது மேல்மண்ணை உபயோகிக்கும் அனுமதி மட்டுமே, சொந்தம் இல்லை. பொதுச்சொத்து என்று விட்டுவைத்தால் அதை ஆளப்போவது யார்? 1906 மார்ச் 4-க்கு மேல் பழங்குடி அரசு நீடிக்காது என்று அதே உடன்பாட்டில் தேதி குறித்துவிட்டார்கள். கலைக்கப்படப் போகிற அரசின் கருவூலத்தை விட, உயிரோடு இருக்கிற ஆள் கையில் இருப்பது மேல் என்று அவர் நினைத்திருக்கலாம். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அந்தக் கணக்குத் தப்பிவிட்டது.

நாணல், உங்கள் கேள்வி நியாயமானது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1882-ல் யாரை எதிர்த்து போர்ட்டர் படை நடத்தினாரோ அந்த இஸ்பர்ஹெச்சரும், 1889 உரிமை விற்பனைக்கு அவரோடு வாஷிங்டன் போன தூதர்களில் ஒருவர். பங்கீட்டைக் கடைசிவரை எதிர்த்த தலைவரும் அவரே. இந்த மனிதர்களை இரண்டு கூடைகளில் பிரித்துப் போட முடியவில்லை.

நாணல்

கூடையில் பிரிக்க வேண்டாம் அண்ணே. யாருடைய வழி யாருக்கு நன்மை செய்தது என்று மட்டும் பார்ப்போம்.

பட்டியலை மூடிய பிறகு பிறந்த குழந்தைக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. பொதுநிலத்தில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இடம் இருந்தது. 1906 நவம்பரில் அமெரிக்க செனட் குழு துல்சாவுக்கு வந்தபோது சிட்டோ ஹார்ஜோ எழுந்து நின்று, பழைய ஒப்பந்தத்தை எடுத்துச் சொல்லி, அதை நான் இன்னும் கைவிடவில்லை, நீங்கள் மட்டும் எப்படிக் கைவிட்டீர்கள் என்ற பொருளில் பேசினார். அவரிடம் சட்டப் புத்தகம் இல்லை. ஆனாலும் அங்கே சட்டம் பேசியவர் அவர்தான்.

கரிசல்காடு

அதே செனட் குழு முன்னால் போர்ட்டரும் பேசினார், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தங்கள் அமைப்புகளை இழந்த மக்களிடம் உயிர் இருக்காது என்றார். தனக்குள்ளிருந்து வளர்வது இயற்கை, பிடுங்கி வேறிடத்தில் நடுவது வளர்ச்சி ஆகாது, கரைந்துபோதல் என்றார். பங்கீட்டில் கையெழுத்துப் போட்ட மனிதர் அதன் விளைவை எதிரிகளின் முகத்துக்கு நேரே சொல்கிறார். 1900-ல் தன் சபைக்கு அனுப்பிய செய்தியிலும், நம் இனத்தின் உயிர்ப்பு இன்னும் போகவில்லை, நாம் வீணாக வாழவில்லை என்று எழுதினார். பதவிக்காக வேலை பார்த்தவர் எழுதுகிற வரிகளாக எனக்குப் படவில்லை.

அவருடைய பெரிய முயற்சிக்கு இன்னும் வரவேயில்லை. நிலம் போகிறது, நாடு கலையப்போகிறது, சரி. அப்படியானால் இந்தப் பகுதி முழுவதையும் தனி மாநிலமாக்கு, அதில் எங்கள் கை இருக்கட்டும் என்பது அவர் வாதம். 1902-ல் யூஃபாலாவில் க்ரீக், செரோக்கி, சிக்கசா, சொக்டா, செமினோல் என்ற ஐந்து பழங்குடி நாடுகளின் பிரதிநிதிகள் கூடிப் பேசினார்கள். 1905 ஆகஸ்ட் 21-ல் மஸ்கோகியில் மாநாடு. போர்ட்டர் தலைவர், போசி செயலாளர். மாநிலத்துக்கு செக்வோயா என்று பெயர், செரோக்கி மொழிக்கு எழுத்து கண்டவரின் பெயர். 48 மாவட்டங்கள், ஃபோர்ட் கிப்சன் தலைநகரம், முழு அரசியல் சட்ட வரைவு, எல்லாம் சில வாரங்களில் தயார். நவம்பர் 7 வாக்கெடுப்பில் ஆதரவு 56,279, எதிர்ப்பு 9,073. வாஷிங்டனில் அந்த மனுவை எடுத்துப் பேசவே இல்லை.

புதுவரவு

வாக்களித்தவர்களில் ஏழில் ஆறு பேர் ஆதரித்தும் ஏன் தள்ளிவிட்டார்கள்?

தாழம்பூ

கட்சிக் கணக்கு. இரண்டு மாநிலம் என்றால் நாலு செனட்டர்கள். அந்தப் பகுதி ஜனநாயகக் கட்சிச் சாய்வு, அதிகாரம் குடியரசுக் கட்சியிடம். அதிபர் ரூஸ்வெல்ட் ஒரே மாநிலம் போதும் என்றார். 1906 ஜூனில் இந்தப் பகுதியையும் மேற்கே இருந்த ஓக்லஹோமா பகுதியையும் சேர்த்து ஓக்லஹோமா என்ற ஒரே மாநிலமாக்கச் சட்டம் போட்டார்கள்.

ஆனால் செக்வோயா பூர்வகுடிகளின் மாநிலமாக இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1900-லேயே அங்கே நாலு லட்சம் பேருக்கு நெருக்கம், பெரும்பான்மை வெள்ளைக் குடியேறிகள். பூர்வகுடிகள் ஏழெட்டில் ஒரு பங்கு. மாநாட்டில் துணைத்தலைவராக இருந்த ஹாஸ்கெல், சிக்கசா சார்பில் வந்த முர்ரே இருவருமே வெள்ளையர்கள். அடுத்த ஆண்டு கத்ரியில் நடந்த ஓக்லஹோமா மாநாட்டுக்கு முர்ரே தலைவர், ஹாஸ்கெல் அந்த மாநிலத்தின் முதல் ஆளுநர். செக்வோயா வரைவில் இருந்து பலவும் ஓக்லஹோமா சட்டத்துக்குப் போயின. போர்ட்டரின் மேடை யாருக்கு ஏணியானது என்று பாருங்கள்.

செங்காந்தள்

முன்னாள் அடிமைகள் பற்றி ஒரே ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். க்ரீக் நாட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். 1866 ஒப்பந்தப்படி அவர்கள் முழுக் குடிமக்கள். பங்கீட்டுப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள்தான், அவர்களுக்கும் அதே 160 ஏக்கர், வீரர்கள் அவையிலும் அவர்கள் ஊர்களுக்கு இடம். அமெரிக்காவின் தென்பகுதியில் விடுதலை பெற்றவர்களுக்கு இப்படி நிலம் கிடைக்கவில்லை. அவர்கள் பார்வையில் பங்கீடு வேறு மாதிரித் தெரிந்திருக்கும். மாநிலம் பிறந்ததும் ஓக்லஹோமா சட்டமன்றத்தின் முதல் சட்டமே ரயிலில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி என்பது. பிற்பாடு 1979-ல் மஸ்கோகி நாடே தன் புதிய அரசியல் சட்டத்தில் இவர்களுடைய வாரிசுகளை வெளியே தள்ளியது. 2025-ல்தான் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 1866 ஒப்பந்தத்தைக் காட்டி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் என்றால் எல்லாருக்கும் ஒப்பந்தமாக இருக்க வேண்டும்.

நாணல்

செங்காந்தள் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை.

2020 தீர்ப்பை யாராவது எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன். மெக்கர்ட் வழக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று, க்ரீக் நாட்டின் எல்லையை காங்கிரஸ் ஒருபோதும் அழிக்கவில்லை, பெரும் குற்ற வழக்குகளைப் பொறுத்தவரை அது இன்னும் பூர்வகுடி நிலம்தான் என்றது. ஹார்ஜோ செனட் குழுவிடம் சொன்னதும் இதைத்தானே!

தாழம்பூ

தீர்ப்பு நிலத்தைத் திருப்பித் தரவில்லை, குற்ற வழக்கை யார் விசாரிப்பது என்று மட்டும் சொன்னது. அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1906 மார்ச்சில் அரசு கலைந்திருந்தால் இந்த வாதத்துக்கே வழியிருந்திருக்காது. ஏன் கலையவில்லை? பழங்குடி உரிமை தீர்ந்தால் பாதையோர நிலம் தங்களுக்கு என்று ரயில் கம்பெனிகளிடம் பழைய சட்டப்படி உரிமை இருந்தது. அது அவர்கள் கைக்குப் போய்விடுமே என்று காங்கிரஸ் அவசரமாகக் கடைசி நேரத்தில் தேதியை நீட்டியது. பிறகு ஏப்ரல் சட்டத்தில் பழங்குடி அரசுகள் தொடரும் என்றே எழுதினார்கள். 1976-ல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அதைப் பிடித்துக்கொண்டுதான் க்ரீக் அரசு சட்டப்படி உயிரோடு இருப்பதாகச் சொன்னது.

2020-ல் எதிர்த்து எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், க்ரீக் நாடு முடிந்துபோனதற்குச் சாட்சியாக போர்ட்டரின் பேச்சையும் காட்டியிருக்கிறார். நாட்டில் எஞ்சியிருப்பது ஒரு மிச்ச அரசுதான் என்ற பொருளில் அவர் தன் சபையிடம் பேசியதை.

நாணல்

அதைத்தான் சொல்கிறேன். அவர் சொன்ன சொல்லை 120 ஆண்டு கழித்து அவர் மக்களுக்கு எதிராகவே எடுத்து வைக்க முடிந்தது. ஹார்ஜோவின் பேச்சை அப்படி யாராலும் பயன்படுத்த முடியாது.

கரிசல்காடு

முடியாதுதான். அந்த வகையில் ஹார்ஜோவின் சொல் அவருடையதைவிட உறுதியானது, மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பேச்சைப் பேசிய ஆள் அடுத்து என்ன செய்தார் என்பதையும் சாட்சியத்தில் சேர்க்க வேண்டும். அரசு முடியப்போகிறது என்று சொன்னவர் வீட்டுக்குப் போய் உட்காரவில்லை. 1902-ல் வாஷிங்டனோடு துணை உடன்பாட்டுக்குப் பேசினார். 1903-ல் மறுபடி தேர்தலில் நின்று ஜெயித்தார். 1905-ல் செக்வோயா மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். 1907 செப்டம்பர் 3-ல் ரயில் பயணத்தின் நடுவே வினிட்டாவில் பக்கவாதத்தில் இறந்தபோதும் பதவியில்தான் இருந்தார். ஓக்லஹோமா அரசியல் சட்டத்துக்கான வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் இருந்தது. அவருக்குப் பின் மோட்டி டைகரை அமெரிக்க அதிபர் நியமித்தார், தேர்தல் வைக்கவில்லை. நியமனத்துக்கு அந்தப் பதவி ஒழியாமல் இருந்தது என்பதையும், அந்த நாற்காலியில் 1907 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதையும் ராபர்ட்ஸின் மேற்கோளுக்குப் பக்கத்தில் நான் வைப்பேன்.